தற்காலிகப் பேராசிரியரும் நாற்பத்தொரு மார்க்கும்

டாக்டர் மஹ்ஜூப் இத்ரீஸ் எங்கள் இர்பித் நகரத்தில் இருபத்தோரு வருஷம் தற்காலிகமாக இருந்தார்.

தற்காலிகம் என்பது நான் சொன்னதல்ல, அவருடைய தாளில் இருந்தது. ஒவ்வொரு ஜூன் மாதமும் அவருடைய பணி ஒப்பந்தம் முடியும். பல்கலைக்கழக நிர்வாகக் குழு கூடி, இன்னும் ஒரு வருஷம் என்று கையெழுத்துப் போடும். அந்தத் தாளைக் கொண்டுபோய்க் காட்டினால் குடியேற்ற அலுவலகம் அவருக்கும் மனைவிக்கும் இரண்டு பெண்களுக்கும் இன்னும் ஒரு வருஷம் எங்கள் நாட்டில் மூச்சுவிட அனுமதி கொடுக்கும். எங்கள் ஊரில் பிறந்து, ஒரு புத்தகமும் புரட்டாமல், அரசாங்க நாற்காலியில் கொட்டாவி விடுகிறவன் நிரந்தரம். எங்கள் பிள்ளைகளுக்குப் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்தவர் விருந்தாளி. ஒருவனைப் பார்த்து "நீ எங்களில் ஒருவன் இல்லை" என்று சொல்ல எங்களிடம் இருக்கும் வார்த்தைகளிலேயே இனிப்பானது இந்த விருந்தாளிதான்.

நான் அதே பல்கலைக்கழகத்தில் தேர்வுப் பிரிவு எழுத்தர்; என்னை அபூ யஸன் என்று கூப்பிடுவார்கள். அது எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்ல மாட்டேன். எனக்கு இன்னும் ஓய்வூதியம் அங்கிருந்துதான் வருகிறது. அவர் குடியிருந்த கட்டடத்தில் கீழ்த்தளம் என் வீடு, இரண்டாம் தளம் அவருடையது.

அவர் பிறந்தது சூடானில், அத்பரா என்ற ரயில்வே ஊரில். அப்பா ரயில் பட்டறையில் கொதிகலன் தட்டுகிறவர். அந்த வீட்டில் சாப்பாட்டுத் தட்டோடு வேலைநிறுத்தமும் பரிமாறப்படும் என்று டாக்டர் சொல்வார். கார்ட்டூமில் படித்தார், பிறகு போலந்துக்குப் போய் முனைவர் பட்டம் வாங்கினார். "அங்க ரெண்டு விஷயம் கத்துக்கிட்டேன், அபூ யஸன். ஒண்ணு, எப்படித் திட்டம் போடறது. இன்னொண்ணு, அந்தத் திட்டத்தால வர்ற வரிசையில எப்படி நிக்கறது."

திரும்பி வந்து பதினான்கு வருஷம் பாடம் நடத்தினார். புதிதாக வந்த ராணுவ ஆட்சியில், ரொட்டிக்கடை வரிசை ஏன் வாரத்துக்கு வாரம் நீள்கிறது என்று வகுப்பில் ஒரு வரைபடம் போட்டார். அடுத்த மாதம் ஒற்றை வரியில் கடிதம் வந்தது: பொதுநலன் கருதி உங்கள் பணி முடித்துக்கொள்ளப்படுகிறது. மனிதர் சும்மா இருந்தாரா? இதில் 'பொது' என்பது யார், 'நலன்' என்பது எவ்வளவு, எந்த முறையில் அளந்தீர்கள் என்று மூன்று கேள்வி கேட்டுப் பதில் எழுதினார். அதற்குப் பதிலாக ஒரு ஜீப் வந்தது. நாலு மாதம் உள்ளே. வெளியே வந்ததும் மனைவி இஹ்ஸான் பெட்டி கட்டினார். 1992-இல் எங்களிடம் வந்து சேர்ந்தார்கள்.

நான் சொல்லப்போவது 1994 ஜூன் மாதக் கதை. அவருடைய இரண்டாவது ஒப்பந்தம் முடிய மூன்று வாரம் இருந்தது.

அந்த வருஷம் முதலாண்டுப் பொருளாதாரத் தேர்வில் தேற ஐம்பது மார்க் வேண்டும். முஹன்னத் என்ற பையன் நாற்பத்தொன்று வாங்கியிருந்தான். முஹன்னதை நாங்கள் எல்லோரும் அறிவோம், அவனால் அல்ல, அவன் பெரியப்பாவால். ஷேக் ஃபவ்வாஸ் எங்கள் வட்டாரத்தின் பெரிய குடும்பத்துக்குத் தலைவர். கல்குவாரி அவருடையது, லாரிகள் அவருடையவை, எங்கள் கல்லூரி முதல்வர் டாக்டர் ரக்கான் அவருடைய தம்பி மகன்.

அந்த விடைத்தாள் என் கையால் கட்டப்பட்டது, அதனால் தெரியும். "அளிப்புக் குறைந்தால் விலை ஏன் ஏறுகிறது?" என்ற கேள்விக்கு "வியாபாரிகளின் கெட்ட எண்ணத்தால்" என்று எழுதியிருந்தான். "ஏகபோகம் என்றால் என்ன? உன் ஊரிலிருந்து ஓர் உதாரணத்துடன் விளக்கு" என்ற கேள்விக்கு மட்டும் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தான். ஜல்லி எங்கே வாங்கலாம், எங்கே வாங்க முடியாது, வேறு இடத்தில் வாங்கப் போன லாரியின் டயருக்கு என்ன ஆகும் என்று பெரியப்பாவின் குவாரியைப் பற்றித் ஒன்றுவிடாமல், வெகுளியாக எழுதியிருந்தான். டாக்டர் அதற்கு முழு மார்க் போட்டு, பக்கத்தில் "மிக நன்று" என்றும் எழுதியிருந்தார். அந்த நாற்பத்தொன்றில் பாதிக்கு மேல் அங்கிருந்து வந்ததுதான்.

முடிவு ஒட்டிய அடுத்த வெள்ளிக்கிழமை, பிற்பகல் தொழுகை முடிந்து, எங்கள் தெருவில் நாலு சிறு பேருந்துகள் வந்து நின்றன. இறங்கினது நாற்பது பேர். எல்லோரும் மேலங்கி, தலைத்துணி, முறுக்கிய மீசை. பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. ஜாஹா வந்திருக்கிறது.

எங்கள் ஊரில் கொலைக்குச் சமாதானம் கேட்க, பெண் கேட்க, பெரிய மன்னிப்புக் கேட்கப் பெரியவர்கள் திரண்டு ஒரு வீட்டுக்குப் போவார்கள். அந்தத் தூதுக்குத்தான் ஜாஹா என்று பெயர். வீட்டுக்காரர் காப்பி கொடுப்பார். தூதின் தலைவர் கோப்பையைக் குடிக்காமல் கீழே வைப்பார். மற்றவர்களும் வைப்பார்கள். கேட்டது கிடைக்காமல் குடிக்க மாட்டோம் என்று அர்த்தம். வீட்டுக்காரர் "குடியுங்கள், வந்த காரியம் முடிந்தது" என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் காப்பி ஆறிப்போனால் அந்த வீட்டுக்கு அவமானம். பேரன் காலம்வரை பேசுவார்கள். ரத்தப்பழி தீர்க்க உண்டான வழக்கம் இது. அதை ஒன்பது மார்க்குக்காக மாடி ஏற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். இப்படி மார்க் வாங்கித் தேறிய பொறியாளன் கட்டும் பாலம் எந்த ஷேக்கின் மீசையைப் பார்த்து மரியாதையாக நிற்கும் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

டாக்டர் வீட்டில் ஏழு நாற்காலிதான் உண்டு. என் வீட்டிலிருந்து ஆறு தூக்கிக்கொண்டு போனேன். பன்னிரண்டு பேர் நாற்காலியில், பத்துப் பேர் தரையில், மிச்சம் பேர் படிக்கட்டில் என் வாசல்வரை. டாக்டருக்கு வாயெல்லாம் சிரிப்பு. பெருநாள் வாழ்த்துச் சொல்லக்கூட யாரும் அவர் வீட்டு மாடி ஏறியதில்லை.

"யா ஷேக், பேருந்து புடிச்சு வந்திருக்கீங்களே! சொல்லி அனுப்பியிருந்தா நானே வந்திருப்பேனே!"

இஹ்ஸான் அம்மா அவர்கள் ஊர் வழக்கப்படி காப்பிக்கொட்டையைக் கையோடு வறுத்து, சுக்குத் தட்டிப் போட்டு, மணக்க மணக்கக் காப்பி போட்டார். வீட்டிலிருந்த எல்லாக் கோப்பையும் வந்தது; போதாமல் ஜாம் பாட்டில்களும் வந்தன. ஷேக் ஃபவ்வாஸ் கோப்பையை வாங்கினார். கீழே வைத்தார். பின்னாலேயே முப்பத்தொன்பது கோப்பையும் கீழே போயிற்று. அந்தச் சத்தம் படிக்கட்டில் இறங்கி என் வாசல்வரை கேட்டது.

ஷேக் தொண்டையைச் செருமினார். இறைவனைப் புகழ்ந்தார். நைல் நதியைப் புகழ்ந்தார். சூடான் மக்களின் கண்ணியத்தைப் புகழ்ந்தார். அவர் இன்னும் நதிக்கரையிலேயே இருந்தபோது டாக்டருடைய கண் கோப்பைகள் மேல் ஓடிக்கொண்டிருந்தது. ஒருவரும் வாய் வைக்கவில்லை. முகம் வாடிவிட்டது. சட்டென்று எழுந்து சமையலறைக்குப் போனார். போகும்போது என் காதில் சொன்னார்:

"சுக்குதான், அபூ யஸன். இவங்களுக்குப் பழக்கமில்ல. பாவம், மரியாதைக்காக வாயைத் தொறக்க மாட்டேங்கறாங்க."

நான் அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடுத்து என்ன நடக்கும் என்று பார்க்க ஆசையாக இருந்தது.

கால்மணி நேரத்தில் டாக்டர் தாமே தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். நாற்பது பேருக்கும், அக்கம்பக்கத்தில் இரவல் வாங்கிய தம்ளர்களில், டீ. ஏலக்காய் போட்டது. நிறைந்த காப்பிக் கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு அந்த இடத்தில் டீ வைத்தார். "மன்னிக்கணும், மன்னிக்கணும்" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார்.

ஷேக் நதிக்கரையிலேயே நின்றுபோனார். ஜாஹாவில் காப்பியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போன வீட்டுக்காரனை அரபு உலகம் அதுவரை பார்த்ததில்லை. என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த அமைதியில் 'சர்ர்' என்று ஒரு சத்தம். எண்பத்திரண்டு வயது ஹஜ்ஜி மித்கால், நாக்கு வறண்டுபோய், டீயை உறிஞ்சிவிட்டார்.

"ஹஜ்ஜி! என்ன பண்ணீங்க!" என்று பக்கத்திலிருந்தவர் பதறினார்.

"டீதானே குடிச்சேன்? காப்பியா குடிச்சேன்?"

"எதைக் குடிச்சாலும் குடிச்சதுதான்! போச்சு, நம்ம கேட்டது போச்சு!"

"எங்கப்பா காலத்துல இங்க டீயே கிடையாது. டீக்குச் சட்டம் எங்கேருந்து வந்துச்சு உனக்கு?"

"அப்ப நானும் குடிக்கலாமா?" என்று படிக்கட்டிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"வாயை மூடுடா!"

டீ குடித்தால் கோரிக்கையைக் கைவிட்டதாகுமா ஆகாதா என்று கூடத்தில் ஒரு கட்சி, படிக்கட்டில் ஒரு கட்சி. நடுவில் டாக்டர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "யா ஜமாஅத், சக்கரை கம்மியா? இஹ்ஸான், சக்கரை கொண்டு வா!"

ஷேக் எழுந்தார். முகம் செங்கல்லாகச் சிவந்திருந்தது. படியில் இறங்கிப் போனார். பின்னால் முப்பத்தெட்டுப் பேர் போனார்கள். ஹஜ்ஜி மித்கால் மட்டும் டீயை முடித்துவிட்டு, இன்னொரு கோப்பை கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

"ஏன் வந்தாங்க, ஏன் போனாங்க?" என்றார் டாக்டர். அப்போதுதான் சொன்னேன். கேட்டுவிட்டு அவர் பத்து நிமிஷம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இஹ்ஸான் அம்மா சிரிக்கவில்லை.

அவர் சிரிக்காததன் காரணம் மறுநாள் காலையிலேயே தெரிந்தது. கல்லூரி முதல்வர் டாக்டர் ரக்கான், டாக்டரைக் கூப்பிட்டனுப்பினார். மதிப்பெண் பட்டியலை எடுத்துக்கொண்டு நானும் போக வேண்டியிருந்தது.

"உக்காருங்க. ஒப்பந்தப் பட்டியல் இருபத்தஞ்சாந்தேதி குழுவுக்குப் போகுது. உங்க பேரைத் தனித் தாள்ல வெச்சிருக்கேன்."

"தனித் தாள் எதுக்கு?"

"கிழிக்கறதுக்கு வசதியா இருக்கும். டாக்டர், ஒன்பது மார்க். என்ன பெரிய விஷயம்? ஒன்பது அத்திப்பழம் கேட்டா குடுக்க மாட்டீங்களா?"

"என் மரத்துல காய்ச்சா தொண்ணூறு குடுப்பேன். இது அவன் மரத்துல காய்க்கணும்."

"மரம் வேற நாட்டுல இருக்கறவங்க பேசற பேச்சில்ல இது" என்றார் முதல்வர்.

டாக்டர் எழுந்து வெளியே நடந்தார். சூடான் தூதரகம் அவருடைய கடவுச்சீட்டைப் புதுப்பிக்க மறுத்து ஒரு வருஷமாகிறது. ஒப்பந்தம் இல்லையென்றால் ஜூலை மாதம் நாலு பேரும் நாட்டை விட்டுப் போக வேண்டும். போகக்கூடிய ஒரே இடத்தில் அந்த ஜீப் காத்திருக்கிறது. இது முதல்வருக்கும் தெரியும். தெரிந்துதான் அத்திப்பழம் பேசினார்.

அன்று பிற்பகல் அவர்கள் சமையலறையில் மூன்று பேர் உட்கார்ந்தோம். டாக்டர் ஒரு நோட்டு எடுத்து வைத்துக்கொண்டு, ஜாஹாவைப் பற்றி என்னைப் பாடம் கேட்கிற மாதிரி கேட்டார். யார் முதலில் உட்காருவது, எத்தனை பேர் இருந்தால் ஜாஹா ஆகும், கோப்பையைத் தரையில் வைப்பதா முக்காலியில் வைப்பதா. எனக்கே தெரியாததையெல்லாம் கேட்டார். இஹ்ஸான் அம்மா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். கார்ட்டூமில் பெண்கள் பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருந்தவர். கத்தியை நிறுத்திவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"காப்பி ஆறிப்போனா அவமானம் வந்தவங்களுக்கா, வீட்டுக்காரங்களுக்கா?"

"வீட்டுக்காரங்களுக்குத்தான், அம்மா."

"அப்ப நாம ஏன் வீட்டுக்காரங்களா இருக்கணும்?"

டாக்டர் நோட்டை மூடினார்.

"நாம ஜாஹா போறதா? நமக்குக் குலம் ஏது, கோத்திரம் ஏது? தனியா போய்க் கோப்பையை வெச்சா எடுத்துக் கழுவி வெச்சிருவாங்க."

"நாப்பத்தொண்ணுக்கு மேல வாங்கியும் தேறாதவங்க எத்தனை பேரு?"

பட்டியல் என்னிடம் இருந்தது. பதினேழு பேர். நாற்பத்திரண்டிலிருந்து நாற்பத்தொன்பதுவரை. ஒருவர் வீட்டிலிருந்தும் பேருந்து வரவில்லை. ஒருவருக்கும் பெரியப்பா இல்லை.

"அவங்கப்பாமாரு இருக்காங்க இல்ல?" என்றார் அம்மா. வெண்டைக்காய் நறுக்கல் தொடர்ந்தது.

அடுத்த நாலு நாள் டாக்டரும் நானும் அலைந்தோம். அகதி முகாமில் பருப்பு வடை சுடும் அபூ நஸ்ரி, அவர் மகள் ரபாப் நாற்பத்தொன்பது. பேருந்து ஓட்டுநர் ஒருவர், மகன் நாற்பத்தேழு. ஓடு பதிக்கிறவர், மருத்துவமனைக் காவலாளி, ஓய்வுபெற்ற ராணுவ கார்ப்பரல். டாக்டர் எல்லோரிடமும் ஒன்றே சொன்னார்: "உங்க புள்ளை மார்க்கு ஏறாது. அதுக்கு மேல இன்னொருத்தன் மார்க்கும் ஏறாது. அதுக்குத்தான் கூப்பிடறேன்." இப்படிக் கேட்டால் எவன் வருவான் என்று நான் நினைத்தேன். பதினாலு பேர் வந்தார்கள்.

இதற்கிடையில் ஷேக்கைப் பற்றி ஒரு தகவலும் சேகரித்தோம். தகவல் என்ன, ஊருக்கே தெரிந்த கதைதான். ஷேக் ஃபவ்வாஸுக்குத் தன் பெருந்தன்மை மேல் தனி மோகம். மற்றவர்கள் கேட்டபிறகுதான் கொடுப்பார்கள். அவரோ, வந்தவர் கேட்கும் முன்பே "குடி, முடிந்தது" என்று சொல்லிவிடுவார். ஒருமுறை ஒருவன் வந்து கோப்பையை வைத்தான். ஷேக் வழக்கம்போல் வாக்குக் கொடுத்தார். அவன் குடித்துவிட்டுக் கேட்டது அவருடைய தண்ணீர் லாரியை. கொடுத்தார். அந்தக் கதையை அவரே எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி மகிழ்வார்.

அடுத்த வெள்ளிக்கிழமை பிற்பகல், ஓட்டுநரின் பேருந்திலேயே கிளம்பினோம். டாக்டர் வெள்ளை வெளேரென்று நீளங்கியும் பெரிய தலைப்பாகையும் கட்டி முன்னிருக்கையில் உட்கார்ந்திருந்தார். பாதி வழியில் அபூ நஸ்ரி அவர் பக்கத்தில் வந்து குந்தினார்.

"டாக்டர், போறதுதான் போறோம். எம் பொண்ணுக்கு ஒரே ஒரு மார்க்... ஒண்ணே ஒண்ணு. யாருக்கும் தெரியாது."

"பதிமூணு பேரு கேட்டுக்கிட்டு இருக்காங்க, அபூ நஸ்ரி."

"அவங்களுக்கும் வேணா ஆளுக்கு ஒண்ணு போடுங்களேன்!"

"எனக்கு மூணு!" என்றார் ஓட்டுநர், ஸ்டியரிங்கை விட்டுவிட்டு விரலைக் காட்டினார்.

"ரோட்டைப் பாருங்க! நானே நாப்பத்தொண்ணுக்காக நாட்டை விட்டுப் போற நெலமையில இருக்கேன். உங்க பொண்ணு என்ன சொன்னா?"

அபூ நஸ்ரி தலையைச் சொறிந்தார். "மார்க்குக் கேட்டா வீட்டுக்குள்ள விடமாட்டேன்னா."

"அவளுக்குக் கோடையில திரும்ப எழுதினா எண்பது வரும். போய் உக்காருங்க."

ஷேக்கின் வரவேற்பு மண்டபத்தில் அறுபது பேர் இருந்தார்கள். நாங்கள் வருவதாக முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தோம், வழக்கம் அதுதான். எதற்கு என்று சொல்லவில்லை, அதுவும் வழக்கம்தான். டீ விவகாரத்துக்கு மன்னிப்புக் கேட்டு, ஒன்பது மார்க்கைத் தட்டில் வைத்துக் கொடுக்க அந்தச் சூடானி வருகிறான் என்று ஊரே முடிவு கட்டியிருந்தது. முதல்வர் டாக்டர் ரக்கான் முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். முஹன்னத் ஒரு மூலையில், எங்கே பார்ப்பது என்று தெரியாமல் இருந்தான்.

காப்பி வந்தது. டாக்டர் கோப்பையை வாங்கினார். முக்காலியில் வைத்தார். எங்கள் பக்கம் பதினைந்து கோப்பை வரிசையாக இறங்கியது. அதில் ஒன்று என்னுடையது. 

ஷேக்கின் முகம் மலர்ந்ததே, பார்க்க வேண்டும். பாடம் கற்றுக்கொண்ட மாணவனைப் பார்க்கும் ஆசிரியர் மாதிரி இருந்தது. டாக்டர் வாய் திறக்கும் முன் ஷேக்கின் கை உயர்ந்தது.

"குடிங்க, டாக்டர், குடிங்க! நீங்க எதுக்கு வந்தீங்களோ அது முடிஞ்சது!"

"நான் இன்னும் ஒண்ணும் கேக்கலையே, யா ஷேக்?"

"ஃபவ்வாஸ் என்னைக்குக் கேட்டுக் குடுத்திருக்கான்?" மண்டபம் முழுக்க ஆமோதிப்பு எழுந்தது.

"முழுசாவா?"

"முழுசா! என் மீசை மேல!"

டாக்டர் குடித்தார். நிதானமாக, மூன்று மடக்கில். நாங்களும் குடித்தோம். கோப்பையை ஆட்டிக் காட்டித் திருப்பிக் கொடுத்தார். எழுந்து நின்றார்.

"உங்க வீடு நெறைஞ்சிருக்கட்டும், யா ஷேக். இப்ப நீங்க எங்களுக்கு என்ன குடுத்தீங்கன்னு சொல்லிடறேன். முஹன்னதோட நாப்பத்தொண்ணு நாப்பத்தொண்ணாவே இருக்கும். இனி உங்க குடும்பத்துல யாரும் மார்க்குக்காக எந்த வாத்தியார் வீட்டு மாடியும் ஏற மாட்டாங்க. என்கூட வந்திருக்கற அப்பாமாரு அத்தனை பேரோட புள்ளைங்களும் முஹன்னதை விட அதிகமா வாங்கித் தோத்தவங்க. இவங்க சாட்சி."

அந்த மண்டபத்தில் அப்போது ஓர் ஈ பறந்தது. அது யார் தலையில் உட்கார்ந்தது என்றுகூட எனக்கு நினைவிருக்கிறது. முதல்வரின் கால் மேலேயிருந்து கீழே இறங்கியது. அப்போது ஒரு பொக்கைவாய்ச் சிரிப்புக் கிளம்பியது. ஹஜ்ஜி மித்கால்.

"தண்ணி லாரியே தேவல, ஃபவ்வாஸ்!"

மண்டபத்தில் பாதிப் பேர் இருமுவதுபோல் நடித்தார்கள். ஷேக்கின் பார்வை வரிசையாக எங்கள்மேல் நடந்து என்னிடம் வந்து நின்றது. நான் காலிக் கோப்பையின் அடியில் இருந்த வண்டலை ஆராய்ந்தேன்.

"வாக்கு குடுத்தாச்சு," என்றார் ஷேக், பல்லுக்கு நடுவில். பிறகு, கோபத்தைவிட ஆச்சரியம் மீறிவிட்ட குரலில் கேட்டார்: "ஒரு விஷயம் சொல்லுங்க. உங்க ஒப்பந்தம் ரக்கான் மேசையில தொங்கிக்கிட்டு இருக்கு. கேட்டதே கேட்டீங்க, அதைக் கேட்டிருக்கலாமே? குடுத்துத்தானே ஆகணும் நான்?"

"ஒண்ணுதானே கேக்க முடியும், யா ஷேக்."

கிளம்பும்போது டாக்டர் மூலையில் நின்ற முஹன்னதின் தோளைத் தட்டினார். "ஏகபோகக் கேள்விக்கு நீ எழுதினதுதான் வகுப்புலயே சிறந்த பதில். அந்த மாதிரி மத்ததையும் கண்ணால பாத்ததை வெச்சு எழுது."

"என்ன எழுதினான்?" என்றார் ஷேக் பெருமையோடு.

முஹன்னத் வெளிறிப்போனான்.

"தேர்வு ரகசியம், யா ஷேக். சொல்லக் கூடாது" என்றார் டாக்டர்.

திரும்பி வரும் பேருந்தில் எல்லோரும் கைதட்டிப் பாடினார்கள். நான் பாடவில்லை. இருபத்தைந்தாம் தேதிக்கு எட்டு நாள் இருந்தது. ஒரு மனிதன் தன் இரண்டு பெண்களின் தலைமேல் இருக்கும் கூரையை விட்டுவிட்டு, யாரோ ஒரு பையனின் நாற்பத்தொன்றைக் கேட்டு வாங்கிவந்திருக்கிறான். நியாயம் என்று நான் வாய் கிழியப் பேசுகிறவன்தான்; ஆனாலும் அன்று எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. வீடு திரும்பியதும் இஹ்ஸான் அம்மாவிடமே கேட்டேன்.

"நீங்களாவது சொல்லியிருக்கக் கூடாதா, ஒப்பந்தத்தைக் கேளுங்கன்னு?"

"நான்தான் கேக்க வேண்டாம்னு சொன்னேன்" என்றார் இஹ்ஸான் அம்மா. "கேட்டா ஒரு வருஷத்துக்குக் கெடைக்கும். பொறுத்துப் பாருங்க."

இருபத்தைந்தாம் தேதி காலை நான் பட்டியலோடு முதல்வர் அறைக்கு வெளியே நின்றேன். தனித் தாள் இன்னும் தனியாகவே இருந்தது. பத்து மணிக்கு ஷேக் ஃபவ்வாஸ் வந்தார், யாரையும் கேட்காமல் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். எங்கள் கட்டடத்தின் கதவுகளும் ஜாஹா போய் மார்க் வாங்கித் தேறியவர்கள் செய்தவைதான், எந்தப் பேச்சையும் மறைக்காது.

"அந்தச் சூடானி பேரு பட்டியல்ல இருக்கா?"

"கவலைப்படாதீங்க பெரியப்பா. கிழிச்சிடலாம்."

"கழுதை! கிழிச்சா ஊர்க்காரன் என்ன பேசுவான்? அறுபது பேரு முன்னாடி குடுத்துட்டு, பின்னாடி பழி வாங்கிட்டான் ஃபவ்வாஸ்னு பேசுவான்! இப்பவே சந்தையில அந்த மித்கால் கெழவன் பந்தயம் கட்டிக்கிட்டு இருக்கான், என் வாக்கு எத்தனை நாள் தாங்கும்னு! அந்தச் சூடானிக்கு ஒரு காய்ச்சல் வந்தாக்கூட நான்தான் வர வெச்சேன்னு சொல்லுவான். எழுது!"

"அப்ப மார்க்கு...?"

"மார்க்கைப் பத்திப் பேசினே, பல்லைக் கழட்டிடுவேன். கையெழுத்துப் போடு!"

தனித் தாள் பட்டியலோடு சேர்ந்தது. நான் வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொன்னபோது டாக்டர் வாயைத் திறந்துகொண்டு நின்றார். இதை அவர் கணக்குப் போட்டிருக்கவில்லை. அம்மா மட்டும் அடுப்பைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார். நாலு வருஷம் போலந்தில் படித்தவர் அவர் கணவர். கணக்குப் போட்டவர் இவர். ஆனால் எங்கள் பல்கலைக்கழகத்தில் அம்மாவுக்கு ஒரு வேலை கொடுக்க எந்தக் குழுவும் கடைசிவரை கையெழுத்துப் போடவில்லை. அவர் பட்டம் எங்கள் நாட்டில் செல்லாதாம்.

ரபாப் கோடைத் தேர்வில் எழுபத்தெட்டு வாங்கினாள். முஹன்னத் நாற்பத்தாறு, அதற்கடுத்த முறை ஐம்பத்தொன்று, வீட்டில் ஆடு அறுத்தார்கள். டாக்டர் தன் பாடத்தை நடத்திக்கொண்டேயிருந்தார். வரிசைகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். எங்கள் நூலகத்தில் அது இரண்டு பிரதி இருக்கிறது, இரண்டும் தேய்ந்துபோயிருக்கின்றன. நிரந்தரப் பதவி கேட்டு ஒன்பது முறை விண்ணப்பித்தார். விருந்தாளிக்கு அது இல்லை என்று ஒன்பது முறையும் மிக மரியாதையாகப் பதில் வந்தது. என் வேலைக்காலத்தில் நான் கோப்பில் வைத்த தாள்களிலேயே அந்த ஒன்பதுக்குத்தான் தீ வைக்க வேண்டும் என்று தோன்றியது.

ஆனால் ஒவ்வொரு ஜூனிலும் அந்த ஒரு வருஷம் தவறாமல் வந்தது. ஏனென்றால் எங்கள் ஊரில் அந்த ஒப்பந்தத்தைப் பற்றி டாக்டரைவிட அதிகமாகத் தூக்கம் கெட்டவர் ஒருவர் இருந்தார். முதல்வர்கள் மாறினார்கள், குழுக்கள் மாறின. தொலைபேசி மட்டும் மாறவில்லை.

2005-ஆ, 2006-ஆ, சரியாக நினைவில்லை. ஜூன் இருபத்திரண்டு. டாக்டர் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து பூசணி விதை கொறித்துக்கொண்டிருந்தார். புது ஒப்பந்தம், முத்திரையோடு, அவர் மடியில் இருந்தது. அரைமணி நேரம் முன்புதான் கையெழுத்தாகி வந்தது. தொலைபேசி மணி அடித்தது.

"ஆயிடுச்சா?" என்றது ஷேக்கின் குரல். எண்பதைத் தாண்டியும் அந்தக் குரலில் குவாரி இருந்தது.

நான் ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டு டாக்டரைப் பார்த்தேன். அவர் விதைத் தோலைத் துப்பினார். தாளை எடுத்து நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

"இன்னும் ஆகலைன்னு சொல்லு."

"பாவம், டாக்டர். வயசானவர்."

"ரெண்டு நாள் ஆகும்னு சொல்லு. கொஞ்சம் சிக்கல்னு சொல்லு."

சொன்னேன். அந்தப் பக்கத்திலிருந்து வந்த வசவில், எங்கள் நிர்வாகக் குழுவின் ஐந்து தலைமுறைக்கும் ஒருவர் விடாமல் இடம் கிடைத்தது. டாக்டர் காதை நீட்டி, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு எனக்கும் ஒரு கைப்பிடி விதை கொடுத்தார்.